ஒரு சுரைக்குடுக்கை அளவு பாவம்

ஆகஸ்டு மாதத்தில் பருத்திச் செடிக்கு எங்கள் தயவு தேவையில்லை. களை கொத்தி முடித்தாயிற்று. காய் வெடிக்க இன்னும் நாள் கிடக்கிறது. மற்ற நாளெல்லாம் துரைக்கு உழைத்துவிட்டு, மிச்சம் கிடைக்கிற இந்த ஒரு வாரத்தைத்தான் நாங்கள் கடவுளுக்குக் கொடுப்போம். அவரும் பெரிய மனசு பண்ணி வாங்கிக்கொள்வார். அலபாமாவின் ஆற்றங்கரைச் செம்மண் பூமியில் எங்கள் கறுப்பர் சபைகள் எல்லாவற்றிலும் எழுப்புதல் கூட்டம் நடக்கிற வாரம் அது.

அந்த வாரம் பன்னிரண்டு வயதான பிள்ளைகளைப் பிடித்து அழுகை பெஞ்சில் உட்கார வைப்பார்கள். பிரசங்க மேடைக்கு நேர் எதிரே கிடக்கிற, சாய்மானம் இல்லாத பலகை அது. அதில் உட்கார்ந்து அழ வேண்டும், ஜெபிக்க வேண்டும், இரட்சிக்கப்பட்டதற்கு ஓர் அடையாளம் காட்டும்படி கடவுளைக் கேட்க வேண்டும். பகலில் விளையாடக் கூடாது, சிரிக்கக் கூடாது, தனியாக ஓரிடம் பார்த்து உட்கார்ந்து அதே நினைப்பாக இருக்க வேண்டும். அடையாளம் கிடைத்த பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்து, கண்டதைச் சபை முன்னால் சொல்லும். நம்பிக்கை வந்தால் சபையார் வலது கையைத் தூக்குவார்கள். கை தூக்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஓடையில் ஞானஸ்நானம், அதற்கப்புறம் பொரித்த கோழியும் பீச் பழப் பலகாரமும்.

பன்னிரண்டு வயது எதற்கு என்றால், அதுவரைக்கும் பிள்ளை குற்றமறியாதது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அது செய்கிற பாவம் அதன் தலையில் ஏறாது. பெற்றவர்கள் தலையில் ஏறும். பெஞ்சிலிருந்து எழுந்த நிமிஷத்தில் சுமை தோள் மாறும். இதைச் சொல்லித்தான் எங்கள் அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைகளை மிரட்டி வளர்த்தார்கள். நீ பண்ற அழும்புக்கெல்லாம் நான்தான் மேல போயி பதில் சொல்லணும் என்று அடுப்படியிலிருந்து கத்துவார்கள். பிள்ளைகளும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடும். அர்லீதா மட்டும் அப்படி விடவில்லை. அவள் அதை உள்ளே வாங்கி, பத்திரமாக வைத்துக்கொண்டாள். வினை அங்கேதான் பிடித்தது.

அவள் அப்பா சீஃபஸ் வீட்டுக்குப் பின்னால் ஒரு உயரமான கம்பம் நட்டு, குறுக்குக் கட்டைகள் அடித்து, காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் கைமுஷ்டி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வசந்தம் பிறந்தால் கருநீலத் தகைவிலான் குருவிகள் எங்கிருந்தோ வந்து அதில் குடியேறும். பருந்து கோழிக்குஞ்சின் மேல் கண் வைத்தால் கூட்டமாகக் கிளம்பி அதன் மண்டையிலேயே கொத்தி விரட்டும். வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற ஜீவன் இந்தத் துரை நிலத்திலேயே அதுகள் மட்டும்தான் என்று சீஃபஸ் சொல்லிச் சிரிப்பார். காலையில் காப்பிக் குவளையோடு கம்பத்தடியில் நின்று அதுகளோடு ஊர்வம்பு பேசுவார். அதுகளும் தொண்டைக்குள் கொப்பளிக்கிற மாதிரி ஏதோ பதில் சொல்லும்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் அர்லீதா அந்தக் குடுக்கை ஒன்றின் மேல் கல் எறிந்தாள். காரணம் ஒன்றும் இல்லை. கையில் கல் இருந்தது, கண்ணுக்கு நேரே குடுக்கை இருந்தது, தன் குறி எப்படி என்று பார்க்கத் தோன்றியது. குறி நன்றாகத்தான் இருந்தது. கம்பி அறுந்து குடுக்கை கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள். தாய்ப் பறவை அந்த வெறும் கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. அப்பா வந்து கேட்டபோது அர்லீதா, ஆந்தை தள்ளிவிட்டது என்று பச்சையாகப் பொய் சொன்னாள். அவர் பிளந்த குடுக்கையைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த கல்லைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்டினார்.

அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் துரை ஸ்ட்ரேக்குடைய வைக்கோல் கொட்டாரம் தீப்பிடித்தது. உள்ளே கோவேறு கழுதைகள் கதறுகிற சத்தம் எங்கள் குடிசைகள் வரைக்கும் கேட்டது. சீஃபஸ்தான் முதலில் ஓடினார். நெருப்புக்குள் போய்க் கழுதைகளை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையும் வெந்து வெளியே வந்தார். ஊராரெல்லாம் அவரைத் தட்டிக்கொடுத்தார்கள். விடிந்ததும் ஷெரீப் வந்து, கை எப்படி வெந்தது என்று கேட்டார். அவ்வளவுதான். தீ வைத்தது அவர்தான் என்பதற்கு வெந்த கையே சாட்சியாகிவிட்டது. ஜூரியாக உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்கள் உள்ளே போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. பத்து வருஷம் சாலை போடும் கைதிகளோடு காலில் சங்கிலி.

தீ எப்படிப் பிடித்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை மென்று விழுங்கிவிட்டு, பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் மழையைப் பற்றிப் பேசினோம். குடியிருக்கிற வீடு துரையுடையது, உழுகிற நிலம் துரையுடையது, சாமான் வாங்குகிற கடையும் துரையுடையது. வாய் மட்டும் எங்களுடையதா என்ன?

ஆக, யாரும் அர்லீதாவிடம் காரணம் சொல்லவில்லை. பிள்ளைக்குக் காரணம் இல்லாமல் இருக்க முடியுமா? அவளே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டாள். நான் குஞ்சுகளைக் கொன்றேன், பொய் சொன்னேன், எனக்கு இன்னும் பன்னிரண்டு வயது ஆகவில்லை, பாவம் அப்பா தலையில் ஏறிவிட்டது, அதனால்தான் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வேண்டுமானாலும் தட்டிப் பாருங்கள், ஓட்டையே இல்லாத கணக்கு. ஜூலையில் அவளுக்குப் பன்னிரண்டு முடிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, அடையாளம் வாங்கி, எழுந்துவிட்டால் பாவம் தன் தோளுக்கு வந்துவிடும், அப்பா கால் சங்கிலி கழன்று வீட்டுக்கு வந்துவிடுவார். இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

கேட்ட அடையாளம்தான் கஷ்டமானது. ஆகஸ்டு வந்தால் தகைவிலான்கள் கிளம்பிவிடும். சாயங்காலத்தில் ஆற்றுக்கு மேலே கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, புகை மாதிரி சுழன்று, ஒருநாள் காலையில் பார்த்தால் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். இந்த வருஷம் எழுப்புதல் கூட்டத்துக்கு முந்தின நாளே போய்விட்டன. அர்லீதா கடவுளிடம், அதில் ஒரே ஒரு பறவை திரும்பி வந்து, அந்த அறுந்த கம்பியின் மேல் உட்கார வேண்டும் என்று கேட்டாள். சுலபமாக ஒன்றைக் கேட்டு ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. அப்பா விஷயம் ஆயிற்றே.

பகல் முழுக்கக் கம்பத்துக்கு எதிரே, பருத்திச் சாலின் நிழலில் உட்கார்ந்திருப்பாள். சாப்பாடு ஒரு துண்டு சோள ரொட்டி. வெயில் செம்மண்ணிலிருந்து எழும்பி எல்லாவற்றையும் நெளிய வைக்கும். காலிக் குடுக்கைகள் காற்றில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, தூரத்தில் யாரோ மரக்கரண்டியால் தட்டுகிற மாதிரி சத்தம் போடும். பார்த்துக்கொண்டே இருக்கையில் கண் சொருகும். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று அவளுக்கே தெரியாது.

அப்பா செம்மண் சாலையில் நடந்து வருவார். காலில் இரும்புக் குண்டுக்குப் பதிலாக ஒரு சுரைக்குடுக்கை கட்டியிருக்கும். அது எடையே இல்லாததுதான், ஆனால் அவரால் இழுக்க முடியாது. நடுச்சாலையில் குனிந்து, அதன் ஓட்டையில் காதை வைத்துக் கேட்பார். என்ன கேக்குதுப்பா என்று அர்லீதா கத்துவாள். அவர் ஒரு விரலை உதட்டில் வைத்து, சும்மா இரு என்பார். இன்னொரு நாள் அந்தக் குடுக்கை தேவாலயம் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. சபையார் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். வட்ட ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. யாரோ வெளியே கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது. சொல்லலாம் என்றால் வாய் திறக்கவில்லை. வியர்த்து விழித்தபோது கம்பி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் அடையாளம் சரமாரியாகக் கிடைத்தது. தெல்பர்ட் மேகத்தில் ஒரு நாற்காலியைப் பார்த்தான். அது கர்த்தருடைய நாற்காலி என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான். மின்டா, சூரியன் துள்ளிக் குதித்ததைப் பார்த்தேன் என்றாள். அவள் வாயைத் திறந்தாலே பாதி இட்டுக்கட்டல் என்பது கோழிக்குக்கூடத் தெரியும். ஆனாலும் சபையார் கையைத் தூக்கிவிட்டார்கள். பிள்ளைகள் பொய் சொல்வதைப் பெரியவர்கள் நம்புகிற மாதிரி நடிப்பதும் ஒருவகை அன்புதான். மின்டா அர்லீதாவின் காதுக்குள் குனிந்து, எதையாவது சொல்லிட்டு எந்திரிடி, பலகையில உக்காந்து குண்டி வலிச்ச வலி எனக்குத்தான் தெரியும் என்றாள். அர்லீதா முடியாது என்று தலையை ஆட்டினாள். பொய்யால்தானே இவ்வளவும் வந்தது? இன்னொரு பொய்யை வைத்து அதை எப்படி எடுப்பது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கூட்டம். பெஞ்சில் அர்லீதா ஒருத்திதான் மிச்சம். ஞானஸ்நானத்துக்கென்று அவள் அம்மா ஒடெஸ்ஸா சர்க்கரைச் சாக்கை வெளுத்துத் தைத்த வெள்ளைக் கவுன் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒடெஸ்ஸா நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துரையின் பெரிய வீட்டுத் துணி துவைக்கிறவள். சோப்பில் ஊறிப் போன கைகளை மடியில் வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். புருஷனைக் கூட்டிக்கொண்டு போன அன்றுகூட அவள் கத்தவில்லை. கல்நெஞ்சக்காரி என்று எங்களில் சிலர் சொன்னோம். சொன்ன வாயை இப்போது கழுவ வேண்டும்.

போதகர் லெமுவேல் ஐயாவுக்குப் பிரசங்கம் பண்ணிப் பண்ணித் தொண்டை கட்டிவிட்டது. சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தும் உள்ளே புழுக்கம். சபையார் பெஞ்சைச் சுற்றி நின்று பாடினார்கள், தரையைக் காலால் தட்டினார்கள். அவளுக்காக அழுதார்கள், அவள் தலையில் கை வைத்தார்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு வழியாக வந்த மஞ்சள் வெளிச்சத்தில் தூசி மிதந்தது. அர்லீதாவுக்குக் கனவுக்குள் இருக்கிற மாதிரியே இருந்தது. குடுக்கை பெரிதாகியிருக்கிறது, எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள்.

கடைசியில் போதகர் எல்லாரையும் கையமர்த்திவிட்டு, பிள்ளைக்கு முன்னால் குனிந்து கேட்டார்.

"அர்லீதா, கண்ணு, எது உன்னப் புடிச்சு இழுக்குது? மனசுல இருக்கறதச் சொல்லிரு."

அவள் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் எந்திரிச்சா எங்கப்பா வந்துருவாரா, ஐயா?"

போதகருக்குப் புரியவில்லை. அவளே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கல், குடுக்கை, குஞ்சுகள், ஆந்தை என்று சொன்ன பொய், தன் வயது, அப்பா தலையில் ஏறிய பாவம், திரும்பி வராத பறவை. சொல்லச் சொல்ல மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். என்னால் அடையாளம் வாங்க முடியவில்லை, அதனால் அவர் அங்கேயே கிடக்கிறார் என்று சொல்லி முடித்தாள்.

விசிறிகள் நின்றன. பின்வரிசையில் டெம்பி அம்மா, வயசுக்கும் வாய்க்கும் பெரியவள், ஆமா, பிள்ள பாவம் பெத்தவனச் சுடும், வேதத்துல இருக்கே என்று முனகினாள். அங்கே இங்கே தலைகள் ஆடின. ஆமென் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நிமிஷத்தில் சபையில் ஒரு நிம்மதி பரவியது. சீஃபஸ் ஏன் சங்கிலியில் கிடக்கிறான் என்ற கேள்விக்கு மே மாதத்திலிருந்து நாங்கள் பதில் சொல்லாமல் தவித்துக்கொண்டிருந்தோம். இதோ, ஒரு பிள்ளை பதிலைத் தானே கொண்டுவந்து எங்கள் காலடியில் வைத்துவிட்டது. யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு வசதி! நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

போதகர் நல்ல மனுஷர்தான், ஆனால் களைத்துப் போயிருந்தார். அவளுடைய தலையில் கை வைத்து, சரி கண்ணு, அந்தப் பாவத்த இன்னைக்கு இங்க எறக்கி வச்சிரு என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடியவில்லை.

நாலாவது வரிசையில் பலகை கிரீச்சிட்டது. ஒடெஸ்ஸா எழுந்து நின்றாள்.

"கைய எடுங்க, ஐயா" என்றாள். அவள் குரலை அவ்வளவு தெளிவாக நாங்கள் கேட்டதே இல்லை. "எம்பொண்ணு தலையில அத வைக்காதீங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். அவள் மகளைப் பார்த்துப் பேசினாள், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"லீத்தா, இங்க பாரு. கொட்டாரத்துக்கு நெருப்பு வச்சது நீ எறிஞ்ச கல்லு இல்ல. ராய்ஸ் ஸ்ட்ரேக். குடிச்சுட்டு வைக்கோல் மேல உருண்டுக்கிட்டு சிகரெட்டுப் புடிச்சான். நெருப்புப் புடிச்சதும் கழுதைங்கள விட்டுட்டு அவன் வெளிய ஓடியாந்தான். உங்கப்பா உள்ள ஓடுனாரு. அதுதான் நடந்துச்சு."

ராய்ஸ் ஸ்ட்ரேக். துரையின் மகன். சின்னத்துரை என்றுகூடச் சொல்லவில்லை. வெறும் பெயர். அப்புறம் அவன், இவன். எங்கள் ஆயுசில் அந்தக் குடும்பத்து ஆள் ஒருவனை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் பேசும்போதுகூட. சிலர் திறந்திருந்த சன்னல்களைப் பார்த்தார்கள். சபையில் பேசுவது பெரிய வீட்டுச் சமையலறைக்கு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஒடெஸ்ஸாவுக்கும் தெரியும். இன்றைக்குப் பேசியதற்கு நாளைக்கு வீடு இருக்காது.

அர்லீதா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனவில் அவள் பயந்த கல் வந்து விழுந்துவிட்டது. ஆனால் குடுக்கை பிளந்ததும் உள்ளே வந்தது காற்று.

"அப்ப எனக்குப் பாவமே இல்லியா?" என்று கேட்டாள்.

"ஏன் இல்ல? அந்தக் குடுக்க உன்னுது. குஞ்சுங்க உன்னுது. ஆந்தன்னு சொன்ன பொய்யும் உன்னுது" என்றாள் ஒடெஸ்ஸா. "அவ்வளவுதான் உன்னுது. அதுக்கு மேல ஒரு இம்மிகூட நீ எடுக்கக் கூடாது. அது அவங்களுது."

வரிசையை விட்டு வெளியே வந்தாள். மகள் பக்கம் ஓரடி வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு அன்னைக்கே தெரியும், லீத்தா. ராத்திரி எங்கிட்டச் சொல்லி அப்படிச் சிரிச்சாரு. நம்ம வீட்டு ஆந்தைக்கு என்னமாக் குறி பாக்கத் தெரியுதுன்னு. அவரு அத அன்னைக்கே மன்னிச்சு முடிச்சாச்சு. நீதான் இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியற."

அர்லீதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பா சிரிக்கிற விதம் அவளுக்குத் தெரியும். தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. இத்தனை மாதமாக அந்தக் குழி தோண்டிய முகத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அதே முகம் அன்றைக்கு ராத்திரி சிரித்தது என்பதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. நம்பியதும் அவள் எழுந்து நின்றாள். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. கால் மரத்துப் போயிருந்ததால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பெஞ்சிலிருந்து பிள்ளை எழுந்துவிட்டால் போதகர் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அது எங்கள் முறை. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன பாத்த, மகளே?"

"எங்கம்மா எந்திரிச்சு நின்னதப் பாத்தேன்" என்றாள் அர்லீதா.

இப்படி ஓர் அடையாளத்தை அந்தச் சபையில் அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. மேகம் சொல்லியிருக்கிறார்கள், நட்சத்திரம் சொல்லியிருக்கிறார்கள், புறா சொல்லியிருக்கிறார்கள். போதகர் வேதப் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டே நின்றார். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கேட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இந்தப் பிள்ளையின் சாட்சியை நம்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்று அவர் சொன்னால், கை தூக்குகிறவன் மேகத்தையும் நாற்காலியையும் நம்புவதாகச் சொல்லவில்லை. ஒடெஸ்ஸா எழுந்து நின்று சொன்னதை நம்புவதாகச் சொல்கிறான். சீஃபஸ் குற்றமற்றவன் என்று சொல்கிறான்.

"இந்தப் புள்ள சொன்ன சாட்சி மெய்னு நம்புறவங்க" என்று ஆரம்பித்து, சன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "வலது கையத் தூக்குங்க" என்று முடித்தார்.

ஒரு கையும் எழவில்லை. வெளியே ஒரு குதிரை மூக்கால் சீறியது. அர்லீதா வரிசை வரிசையாகப் பார்த்தாள். எல்லாரும் தங்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண் மூப்பர் ஹோசியாவிடம் வந்து நின்றது. பெரிய உடம்பு, நரைத்த மீசை. சீஃபஸோடு ஒரே ஏரில் வேலை பார்த்தவர். கொட்டாரத்துக்கு இரண்டாவதாக ஓடிய ஆள் அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். ஷெரீப் கேட்டபோது, தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொன்னார். அன்றிலிருந்து அவர் சபையில் ஜெபம் பண்ண எழுந்ததில்லை. இருமல் என்று சொல்லிவிடுவார்.

ஹோசியா தன் வலது கையை மடியில் புரட்டிப் பார்த்தார். அது யாருடைய கையோ என்கிற மாதிரி பார்த்தார். அப்புறம் மெதுவாக, கனமான வாளியைக் கிணற்றிலிருந்து தூக்குகிற மாதிரி, அதைத் தலைக்கு மேலே கொண்டுபோனார். இறக்கவில்லை.

"நான் அங்க இருந்தேன்" என்றார். "ராய்ஸ் வெளிய ஓடி வந்தத நான் பாத்தேன்."

அடுத்து மின்டாவின் அம்மா. அப்புறம் மின்டா, இன்னும் ஞானஸ்நானம் ஆகாததால் அவளுக்கு ஓட்டு கிடையாது, ஆனாலும் யாரும் இறக்கச் சொல்லவில்லை. அப்புறம் நடுவரிசை. டெம்பி அம்மாகூட, முணுமுணுத்துக்கொண்டே, தடியை மடியில் சாய்த்து வைத்துவிட்டுத் தூக்கினாள். என் கையும் போனது. எப்போது போனது என்று எனக்கு நினைவில்லை. எல்லாரும் தூக்கினார்கள் என்று சொன்னால் பொய். கடைசி வரைக்கும் மடியிலேயே கை வைத்திருந்தவர்களும் உண்டு, அவர்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆனால் போதுமான கைகள் இருந்தன. சீஃபஸுக்கு யாரும் கூட்டாத ஜூரி அன்றைக்குத்தான் கூடியது. அதன் தீர்ப்பு எந்தச் சங்கிலியையும் கழற்றாது என்று எங்களுக்குத் தெரியும், ஆனாலும் கையை இறக்க மனசு வரவில்லை.

அம்மாவும் மகளும் செம்மண் சாலையில் வீட்டுக்கு நடந்தார்கள். ஹோசியா, விடியறதுக்குள்ள வண்டியக் கொண்டாறேன், துரை நெலத்தத் தாண்டிக் கொண்டுபோய் விடறேன், ஞாயித்துக்கெழம ஓடைக்கும் நானே கூட்டியாறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தூரத்தில் பெரிய வீட்டு முகப்பில் விளக்கு எரிந்தது. ஒடெஸ்ஸா அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை, நடையை வேகப்படுத்தவும் இல்லை. கம்பத்தடிக்கு வந்ததும் அர்லீதா நின்றாள். குடுக்கைகள் லேசாக இடித்துக்கொண்டன. அறுந்த கம்பியில் எந்தப் பறவையும் இல்லை.

"அப்பா வருவாராம்மா?"

"தெரியலடி."

"வரலன்னா, அது என்னால இல்ல."

"உன்னால இல்ல" என்றாள் ஒடெஸ்ஸா. மகளின் கழுத்துக்குப் பின்னால் கை வைத்து, உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

உடனே சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். பாத்திரங்களை அம்மா பார்த்துக்கொண்டாள். வெள்ளைக் கவுனை அர்லீதா கடைசிக்கு ஒதுக்கினாள். ஞாயிற்றுக்கிழமை அது கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் முதலாவதாக அவள் மடித்து வைத்தது அப்பாவின் தேவாலயத்துச் சட்டை.